மூணாவது மாடியில் வாளைக் கருவாடு

தம்பி, தமிழ்தானே? போன்ல பேசினதைக் கேட்டேன். கேக்கணும்னு கேக்கல, காதுல விழுந்துது. உக்காருங்க, உக்காருங்க. அந்தப் பெட்டியை மேல தூக்க வேண்டாம், காலுக்குக் கீழயே கிடக்கட்டும். ஸ்டுட்கார்ட்தானே? நானும் அங்கதான். ரயிலு ஒண்ணரை மணி நேரம் போகும். பேச்சுத்துணைக்கு நம்ம ஆளு ஒருத்தர் கிடைச்சீங்களே.

வேலைக்கா? மொத தடவையா? நல்லது. அப்ப ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. இந்த ஜெர்மனிக் குளிரைத் தாங்கிரலாம். பாஷையைத் தாங்கிரலாம். கடையில அரிசிங்கிற பேர்ல ஒண்ணு விக்கான், அதையும் தாங்கிரலாம். ஆனா ஒரு மனுஷன் நிம்மதியா ஒரு துண்டு கருவாடு திங்க முடியாது பாருங்க, அதைத் தாங்க முடியாது.

என் பேரு சேர்மக்கனி. தூத்துக்குடி. இங்க காருக்குப் பாகம் செய்யுத கம்பெனியில இஞ்சினியரா இருக்கேன். வந்து ரொம்ப வருஷமாச்சு. கூட வந்தவன் எல்லாம் மாறிட்டான் தம்பி. காலையில ரொட்டி, ராத்திரி ரொட்டி, நடுவுல ஒரு கேரட். நான் மாறல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எனக்கு வாளைக் கருவாட்டுக் குழம்பு இருந்தாகணும். கத்திரிக்காய் போட்டு, மாங்காய் கிடைச்சா மாங்காய் போட்டு, புளி தூக்கலா. கூட நாலு துண்டு தனியாப் பொரிச்சு வைக்கணும். அது இருந்தாத்தான் எனக்கு ஞாயித்துக்கிழமை. இல்லாட்டி அது சும்மா ஒரு லீவு நாள்.

கருவாட்டுக்கு இங்க எங்க போகன்னு கேக்கீங்க. ஒவ்வொரு தடவை ஊருக்குப் போயிட்டு வரும்போதும் கொண்டாந்துருவேன். தாள்ல சுத்தி, பிளாஸ்டிக் பையில கட்டி, அதுக்கு மேல துண்டைச் சுத்தி, எம் பொண்டாட்டி வேல்கனி பெட்டியில வச்சிருவேன். அவ பெட்டியில சேலைதான் இருக்கும். என் பெட்டியில ஆபீஸ் துணி இருக்குல்ல, அதுல வாசம் ஏறினா நல்லா இருக்காது.

நான் அந்தக் காலத்து ஆம்பளை மாதிரி இல்ல தம்பி, சமையலுக்குக் கூடமாட நிப்பேன். எந்தக் கருவாடு, எத்தனை துண்டு, எல்லாம் நானே எடுத்துக் குடுப்பேன். அதுக்கப்புறம் தலையைக் கிள்ளி, வாலைக் கிள்ளி, சுடுதண்ணியில ஊறவச்சு, மணல் போக அலசி, அதெல்லாம் அவ பாத்துக்கிடுவா. பொரிக்கும்போது மட்டும் நான் நிக்க மாட்டேன். எனக்குக் கண்ணு எரியும். அந்த நேரத்துக்கு ஆத்தோரமா ஒரு நடை போயிருவேன். திரும்பி வந்து கதவைத் திறந்தேன்னு வைங்க, அடடா! அந்த வாசம் இருக்கே, நேரே ஆளைத் தூக்கிக்கிட்டுப் போயித் தூத்துக்குடியில இறக்கிரும். டிக்கெட்டே வேண்டாம்.

ஜன்னலைத் திறக்க விட மாட்டேன். வேல்கனி கை அடிக்கடி ஜன்னல் பக்கம் போகும். “ஏட்டி, வாசம் போயிரும்”னு சொல்லிருவேன். ருசியில பாதி வாசந்தானே? அவளுக்கு இதெல்லாம் பதமாச் சொன்னாத்தான் விளங்கும்.

அவ ஒரு கிண்டர்கார்டன்ல வேலை பாக்கா. சின்னப் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு ஊட்டுதது, கை கழுவி விடுதது, அந்த மாதிரி. நல்ல வேலை. ஒரு திங்கக்கிழமை வந்து சொல்லுதா, அங்க ஒரு பொம்பளைப் பிள்ளை இவ மடியில உக்காந்து, சட்டைகிட்ட மூக்கை வச்சு, “நீங்க மீனா?”ன்னு கேட்டுச்சாம். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். பிள்ளைங்களுக்கு என்ன கற்பனை பாருங்க! இவ சிரிக்கல. இவளுக்கு நகைச்சுவை கொஞ்சம் கம்மி. “என் கோட்டு அடுப்படிக்குப் பக்கத்துலதாங்க தொங்குது, எவ்வளவு துவைச்சாலும் போக மாட்டேங்குது”ன்னா. நான் என்ன செய்ய? வீடு சின்னது, கோட்டு மாட்ட அந்த ஒரு இடந்தான். அதுக்குத்தான் நான் என் கோட்டைச் சனிக்கிழமையே கொண்டுபோயிக் கார்ல போட்டுப் பூட்டிருவேன். எனக்குத் திங்கக்கிழமை மீட்டிங் உண்டுல்லா.

இப்படி நிம்மதியாப் போயிக்கிட்டிருந்துது தம்பி. போன குளிர்காலத்துலதான் வந்துது வினை.

எங்க கட்டடத்தைப் பாத்துக்கிட ஒருத்தர் இருக்காரு. ஹவுஸ்மைஸ்டர்னு சொல்லுவாங்க. குழாய் ஒழுகினா, லிஃப்ட் நின்னா, அவருகிட்டத்தான் போகணும். லோரன்ஸ்னு பேரு. ஒரு நாள் சாயங்காலம் வந்து கதவைத் தட்டுதாரு. தொப்பியைக் கழத்திக் கையில வச்சுக்கிட்டு, ரொம்ப மரியாதையா, நம்ம ஊருல ஐயான்னு சொல்லுத மாதிரி, “ஹெர் சேர்மக்கனி, ஞாயித்துக்கிழமை சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வச்சா நல்லா இருக்கும். வாசனை தாங்க முடியலைன்னு ஒரு புகார் வந்திருக்கு”ங்கிறாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? “யாரு சொன்னா?”ன்னு கேட்டேன்.

“அதை நான் சொல்லக் கூடாது. இந்தக் கட்டடத்துல இருக்கிறவங்கதான். கோவிச்சுக்கிட்டுச் சொல்லல. ரொம்பச் சங்கடப்பட்டுத்தான் சொன்னாங்க.”

சங்கடமாம், சங்கடம். நான் வேல்கனியைக் கூப்பிட்டேன். “கேட்டியாட்டி, நம்ம சாப்பாடு நாறுதாம்!” அவ பாத்திரம் தேச்சுக்கிட்டிருந்தா. “ஜன்னலைத் திறக்கத்தானே சொல்லுதாரு, திறந்தா என்ன?”ன்னா. திரும்பிக்கூடப் பாக்கல. பயம் தம்பி. வந்த ஊருல நமக்கு எதுக்கு வம்புன்னு நினைக்கிற சுபாவம். அவ அப்படித்தான். அதனாலதான் ரெண்டு பேருக்கும் சேத்து நான் ஒருத்தனே ரோஷப்பட வேண்டியிருக்கு.

யாரா இருக்கும்னு யோசிச்சேன். ரொம்பல்லாம் யோசிக்கல. எங்க தலைக்கு மேல, நாலாவது மாடியில, ஃப்ராவ் கெல்லர்னு, அதாவது கெல்லர் அம்மான்னு, ஒரு கிழவி. புருஷன் செத்துப்போயி தனியா இருக்கா. நாங்க குடிவந்த புதுசுல ஞாயித்துக்கிழமை துணி துவைக்கிற மிஷின் போட்டோம்னு, “ஞாயித்துக்கிழமை இங்க யாரும் சத்தம் போடக் கூடாது”ன்னு வந்து சொன்னவ. அதையும் சிரிச்சுக்கிட்டே சொன்னா. சிரிச்சுக்கிட்டே சொல்லுதவங்களை நம்பவே கூடாது. லிஃப்ட்ல போகும்போது என்னைப் பாத்து “வணக்கம்”னு தமிழ்ல வேற சொல்லுவா. யாரு சொல்லிக் குடுத்தாங்கிறீங்க? வேல்கனிதான். ரெண்டு பேரும் மாடிப்படியில நின்னு என்னமோ குசுகுசுன்னு பேசிக்கிடுவாங்க. வெகுளி தம்பி எம் பொண்டாட்டி, எவகிட்டயும் பழகிருவா.

இவதான் புகார் சொன்னதுன்னு எனக்குச் சந்தேகமே இல்ல. நாம சும்மா இருக்க முடியுமா? இன்னைக்குக் கருவாட்டை விட்டா, நாளைக்கு ரசத்தை விடச் சொல்லுவான். நாளான்னைக்கு நம்மளையே விடச் சொல்லுவான்.

மொதல்ல, ஞாயித்துக்கிழமை மட்டும் செஞ்சதைப் புதன்கிழமையும் செய்யச் சொன்னேன். வேல்கனி, “எனக்குப் புதன்கிழமை வேலை இருக்குங்க, காலையிலயே கிளம்பணும்”னா. “கிளம்புததுக்கு முன்னால பொரிச்சு வச்சிட்டுப் போ, இது உரிமைப் பிரச்சினை”ன்னேன். பொரிச்சா. என்னமோ கொஞ்ச நாளா அவ வாயே திறக்கிறதில்ல. போராட்டம்னா அப்படித்தான், மொதல்ல வீட்டு ஆளுங்க மௌனமா இருப்பாங்க, பொறவு புரிஞ்சுக்கிடுவாங்க.

பொங்கலுக்கு எங்க தமிழ்ச் சங்கத்துல மேடை ஏறிப் பேசினேன். “நம் உணவு நம் உரிமை”ன்னு தலைப்பு. “நாலு சுவத்துக்குள்ள நான் என்ன திங்கணும், என்ன திங்கக் கூடாதுன்னு இன்னொருத்தன் சொன்னா, அந்த வீட்டுக்குப் பேரு வீடு இல்ல, ஜெயிலு!”ன்னேன். என்ன கைதட்டு! ஒருத்தர் கண்ணைத் துடைச்சாரு. நான் வேல்கனியைத் தேடினேன். கடைசி வரிசையில, கதவோரமா, கோட்டைச் சுருட்டிக் காலுக்குக் கீழ வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. ரெண்டு பக்கமும் நாற்காலி காலி. கூட்டத்துல ஒட்டி உக்கார அவளுக்குப் பிடிக்காது போல. கை மட்டும் தட்டினா. தட்டினாளா? தட்டித்தான் இருப்பா.

பொறவுதான் தம்பி எனக்கு நல்ல சந்தர்ப்பம் கிடைச்சுது. இவங்க முட்டைக்கோசை உப்புப் போட்டுப் புளிக்க வச்சு, அதை வேக வச்சுத் திம்பாங்க. மேல கிழவி ஒரு நாள் அதை அடுப்புல ஏத்திட்டா. படிக்கட்டு வழியா இறங்குது பாருங்க ஒரு நாத்தம்! வாசலுக்கு வந்து மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நேரே ஹவுஸ்மைஸ்டருக்குப் போன் போட்டேன்.

“மனுஷன் குடியிருக்க வேண்டாமா? நாலு குடும்பம் இருக்கிற இடத்துல இப்படி நாற அடிக்கலாமா? ஜன்னலைத் திறந்து வச்சுச் சமைக்கணும்கிற நாகரிகம் வேண்டாமா?”ன்னு கேட்டேன்.

லோரன்ஸ், “ஹெர் சேர்மக்கனி, நிஜமாவே நான் போய் அவங்ககிட்ட இதைச் சொல்லணுமா?”ன்னு கேட்டாரு.

“கண்டிப்பாச் சொல்லணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?”

அசந்துட்டாரு தம்பி. இவன் சட்டம் தெரிஞ்ச ஆளுன்னு அவருக்கு அப்பத்தான் தெரிஞ்சிருக்கும்.

அடுத்த ஞாயித்துக்கிழமை. குழம்பு கொதிச்சு இறக்கியாச்சு. நான் தட்டுக்கு முன்னால உக்காந்துட்டேன். பொரிச்ச துண்டு ஒண்ணை எடுத்து வாயில வைக்கப் போறேன், கதவைத் தட்டுத சத்தம். வேல்கனி போய்த் திறந்தா. கிழவி நிக்கா. நல்ல உடுப்பு உடுத்தி, கையில ஒரு கேக்கு. முகம் செவந்து கிடக்கு, அழுதிருப்பா போல. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். வந்தியா வழிக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

“ஹெர் சேர்மக்கனி, என்னை மன்னிக்கணும்”னா. “என் சமையல் உங்களுக்கு இவ்வளவு தொந்தரவா இருக்கும்னு எனக்குத் தெரியாது. எனக்கு மூக்கு வேலை செய்யாது. ஒரு பெரிய காய்ச்சல் வந்து, அதோட வாசனை போயிருச்சு, ருசியும் போயிருச்சு. பால் கெட்டுப்போனாக்கூட எனக்குத் தெரியாது, உங்க வேல்கனிதான் வந்து மோந்து பாத்துச் சொல்லுவா. அது என் புருஷனுக்குப் பிடிச்ச சமையல். அவர் பிறந்த நாளுக்கு மட்டும் செய்வேன். இனிமே என் தங்கச்சி வீட்டுல போய்ச் செஞ்சுக்கிடுதேன்.”

எப்படி இருக்கு கதை? மூக்கே வேலை செய்யாதாம். செய்யாதவ எப்படிப் புகார் சொன்னா? நான் இதைத்தான் கேட்டேன். நேருக்கு நேராவே கேட்டேன். “அப்ப என் கருவாட்டு வாசம் மட்டும் எப்படிம்மா உங்களுக்குத் தெரிஞ்சுது? எதுக்கு லோரன்ஸ்கிட்டப் போயிப் புகார் சொன்னீங்க?”

கிழவி முழிக்கா. “எந்தப் புகார்?”ங்கா. நல்ல நடிப்பு.

அப்பத்தான் வேல்கனி கையில இருந்த கரண்டியைக் கீழ வச்சா. சத்தமா வைக்கல, மெதுவாத்தான் வச்சா. ஜெர்மன்லயே சொன்னா, கிழவிக்கும் புரியணும்னு. “புகார் சொன்னது அவங்க இல்ல. நான்.”

“ஏட்டி, நீ சும்மா இரு”ன்னேன்.

என் பக்கம் திரும்பித் தமிழ்ல சொன்னா. “நான்தாங்க லோரன்ஸ்கிட்டப் போய்ச் சொன்னேன். ஜன்னலைத் திறக்கணும்னு உங்ககிட்டச் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். காதுல விழல. வெளிய இருந்து ஒரு ஆம்பளை வந்து சொன்னா விழும்னு நினைச்சேன்.”

“உனக்கு என்னட்டி கஷ்டம்? நீயுந்தானே திங்கே?”

“ஞாயித்துக்கிழமை என் தட்டுல என்ன இருக்கும்னு ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?”

பாத்தேன் தம்பி. அன்னைக்குத்தான் பாத்தேன். தயிர்ச்சோறு. ஓரத்துல கொஞ்சம் எலுமிச்சங்காய் ஊறுகாய்.

“எனக்குக் கருவாடு ஆகாது. கல்யாணமாகி வந்த அன்னையிலருந்தே ஆகாது. உங்க அம்மாவுக்குத் தெரியும், வெளியூர்ல படிக்கிற என் பிள்ளைக்குத் தெரியும், இந்தா நிக்காங்களே, இவங்களுக்கும் தெரியும். கிண்டர்கார்டன்ல என்னைய சின்னப் பிள்ளைங்ககிட்ட இருந்து மாத்தி, துணி மடிக்கிற அறையில போட்டுட்டாங்க. அதையும் உங்ககிட்டச் சொன்னேன். நீங்க செல்லைப் பாத்துக்கிட்டே, ‘நல்லதுதானே, வேலை குறைஞ்சுது’ன்னீங்க.”

நான் ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன் தம்பி. பொய் சொல்ல மாட்டேன். கிழவி இவ கையைப் பிடிச்சுக்கிட்டா. பொறவு நிதானமா யோசிச்சப்பத்தான் எனக்கு விளங்குச்சு. என்ன மனசு பாத்தீங்களா எம் பொண்டாட்டிக்கு! அந்த வயசானவ அழுததைப் பாத்துட்டு, அவளைக் காப்பாத்தணும்னு மொத்தப் பழியையும் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டா. எப்படிக் கோத்துச் சொல்லுதா பாருங்க, தயிர்ச்சோறாம், துணி மடிக்கிற அறையாம்! லோரன்ஸும் பொறவு படியில பாத்து, “ஆமா, உங்க மனைவிதான்”னாரு. அவரும் இதுல கூட்டு. நான் ஒண்ணும் கேட்டுக்கிடல. நல்ல காரியத்துக்காகச் சொன்னது, போகட்டும்.

ஆனா அன்னையிலருந்து ஒண்ணு சொல்லிட்டா. “இனிமே உங்களுக்கு வேணும்னா நீங்களே செஞ்சுக்கிடுங்க.” சரின்னுட்டேன். பொம்பளைங்களுக்கும் ஓய்வு வேணும்னு எப்பவும் சொல்லுதவன் நான். இப்ப நான்தான் செய்யுதேன். தலையைக் கிள்ளி, வாலைக் கிள்ளி, எல்லாம் நான்தான். மொத தடவை புகைக்கு அலறுத மணி அடிச்சு, கட்டடமே இறங்கித் தெருவுல நின்னுது. இப்ப நல்லாப் பழகிட்டு. ஆபீஸ்லயும் நல்ல நேரந்தான். பொதுக் கூடத்துல எல்லாரோடயும் உக்காந்திருந்த எனக்கு இப்பத் தனி அறை குடுத்திருக்காங்க. மாடிப்படிக்குப் பக்கத்துல. சின்னதுதான். ஆனா எத்தனை பேருக்குத் தனி அறை கிடைக்கும், சொல்லுங்க?

வேல்கனி ஞாயித்துக்கிழமை காலையில மேல கிழவி வீட்டுக்குப் போயிருவா. மொதல்ல சாயங்காலம் வந்துருவா. பொறவு திங்கக்கிழமை வேலைக்கு அங்கிருந்தே போக ஆரம்பிச்சா. ரெண்டு சேலையைக் கொண்டுபோனா, கோட்டைக் கொண்டுபோனா, இப்ப அவ பீரோ பாதி காலி. அங்க ஒரு அறை சும்மா கிடக்காம். கிழவிக்கும் துணை வேணும்லா. கிண்டர்கார்டன்ல திரும்பவும் சின்னப் பிள்ளைங்ககிட்டயே போட்டுட்டாங்கன்னு லோரன்ஸ் சொன்னாரு. என்கிட்டச் சொல்ல அவளுக்கு நேரம் கிடைச்சிருக்காது. எங்க வீடும் இப்ப நல்லா விசாலமா இருக்கு. என்ன ஒண்ணு, குழம்பு வச்சா நிறைய மிஞ்சுது. ஒரு ஆளுக்கு அளவா வைக்க எனக்கு இன்னும் கை வரல.

போன ஞாயித்துக்கிழமை ஒரு கிண்ணத்துல ஊத்தி, மூடி போட்டு, மேல கொண்டுபோனேன். சமாதானமாப் போயிருவோம், நாம பெரிய மனுஷங்கதானேன்னு. கிழவிதான் கதவைத் திறந்தா. “வணக்கம்”னா. அங்கனயே மூடியைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டா. இன்னொரு கரண்டி சாப்பிட்டா. “நல்லா இருக்கு, ஹெர் சேர்மக்கனி”ன்னா! கேட்டீங்களா? ஜெயிச்சது யாரு?

வேல்கனி உள்ள உக்காந்திருந்தா. என்னைப் பாத்தா, கிண்ணத்தைப் பாத்தா. எந்திரிச்சுப் போயி ஜன்னலைத் திறந்தா. ஒண்ணு இல்ல, அந்த வீட்டுல இருக்கிற அத்தனை ஜன்னலையும். வெளிய பனி கொட்டுது தம்பி! திரைச்சீலை எல்லாம் பறக்குது. கிழவி தோள்ல ஒரு கம்பளியைப் போத்தி விட்டா, தானும் கோட்டை மாட்டிக்கிட்டா, ரெண்டு பேரும் மேசைக்கு முன்னால நடுங்கிக்கிட்டு உக்காந்துக்கிட்டு என்னமோ சொல்லிச் சிரிக்காங்க. “ஏட்டி, வாசம் போயிரும்”னேன், சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்.

உள்ள கூப்பிடுவாங்கன்னு செருப்பைக்கூடக் கழத்திட்டேன். வேல்கனி எந்திரிச்சு வந்தா. கிண்ணத்தைக் கழுவி, துடைச்சு, என் கையில குடுத்தா. குடுத்துட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா.

குளிரு உள்ள வரும்லா தம்பி, அதான் சாத்தியிருப்பா.